பொருள்: மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக

வருவாய்த் துறையில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் பலர் என்னிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். எல்லோரும் எழுத்து மூலமாகத்தான். தாமதமாக வந்த எழுத்தருக்குக் குறிப்பாணை கொடுத்தால் மூன்று நாளில் விளக்கம் வந்துவிடும். நடந்த தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துவதாகவும், இனி இவ்வாறு நிகழாது என்று உறுதி கூறுவதாகவும் அதில் இருக்கும். எல்லாருடைய மனப்பூர்வத்தையும் அலுவலகத்து வாசலில் இருந்த ஒரே தட்டச்சுக்காரர்தான் அடித்துக் கொடுத்தார். நான் ஓரத்தில் 'விளக்கம் ஏற்கப்பட்டது, கோப்பை முடிக்கலாம்' என்று எழுதுவேன். அடுத்த மாதம் அதே எழுத்தர் அதே நேரத்துக்கு வருவார்.

ஆகவே மனந்திரும்புதலைப் பற்றி எனக்குப் புதிதாகச் சொல்ல யாரிடமும் எதுவும் இருக்காது என்று நம்பியிருந்தேன். போதாததற்கு நான் பிறவிக் கிறிஸ்தவன். பதினான்கு வயதில், சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் வகுப்பில், மனந்திரும்புதல் என்றால் என்ன என்ற கேள்விக்கு மூச்சு விடாமல் பதில் சொல்லிப் பரிசு வாங்கியவன். பாவத்தை உணர்தல், அதற்காகத் துக்கப்படுதல், அறிக்கையிடுதல், விட்டுவிடுதல், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்தல். ஐந்து படிகள். பரிசு ஒரு சோப்பு டப்பா. ஐந்து படிகளையும் அந்த வயதிலேயே ஒரு நடைமுறையாகத்தான் மனப்பாடம் செய்தேன். நடைமுறை தெரிந்தவன் அதன் வழியாக நடக்க வேண்டியதில்லை, பிறரை நடக்க வைத்தால் போதும் என்பது பிறகு உத்தியோகத்தில் கற்றது.

ஓய்வு பெற்றபின் ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் வந்து குடியேறினோம். அது என் முடிவு அல்ல. என் மனைவி இங்கே உறைவிடப் பள்ளியில் பல வருடம் தலைமையாசிரியையாக இருந்தவள். கீழே சமவெளியில் நான் ஓர் அதிகாரி. இங்கே நான் டீச்சரம்மா வூட்டுக்காரர். ஜீப்பில் எனக்கு முன் இருக்கை கிடைப்பதுகூட அந்தப் பதவியால்தான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. காலையில் குளிர்ந்த காற்று, மதியம் கேழ்வரகுக் களி, மாலையில் மனைவியின் விமரிசனம். ஓய்வூதியர் ஒருவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இங்கே தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. பதினைந்து குடும்பங்கள். போதகர் அடிவாரத்திலிருந்து மாதம் இரண்டு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் ஏறி வருவார். வந்த இரண்டு மாதத்தில் என்னைச் சபைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வருகைப் பதிவேடு, கூட்ட நிரல், நடவடிக்கைக் குறிப்பு என்று அதுவரை அவர்கள் நிம்மதியாக இல்லாமலேயே வாழ்ந்த பலவற்றையும் நான் கொண்டுவந்தேன். அறிவிப்புகளை என் கைப்படவே எழுதிக் கோயில் கதவில் ஒட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எழுத்துகளை வலப்பக்கம் சாய்த்து, ழகரம், ரகரம் என்று வால் உள்ள எழுத்துகளின் வாலை நீளமாக இழுத்துவிடுவேன். அலுவலகத்திலேயே அதற்குப் பெயர் போனவன்.

இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து. அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை. அதற்குள், யாருக்காவது தீங்கு செய்தவர் அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்க வேண்டும். கேட்க வந்த காரணத்தை வாயால் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டால் விவகாரம் முடிந்தது. மேலே பேச்சு இல்லை. எல்லை வேலியை நகர்த்தியவன், பக்கத்து வீட்டுக் கோழியை அடித்தவள், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். இதற்கு ஒரு பதிவேடு வைக்கலாம் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னேன். எல்லோரும் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். என் மனைவி மட்டும், "எத்தன சொம்புன்னும் எழுதணுங்களா?" என்று கேட்டாள்.

நான் யார் வீட்டிலும் தண்ணீர் கேட்டதில்லை. இங்கே யாருக்கும் நான் எதுவும் செய்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

போன வெயில் காலத்தில் ஒரு பிற்பகல், பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்யும் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். சபையில் பெண்கள் பக்கம் முதல் பாயில் உட்காருபவர். நாற்பதைத் தாண்டிய வயது. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில், வயதான தந்தையோடும் மகளோடும் இருக்கிறார் என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"டீச்சரம்மா கீறாங்களா சார்?"

"கடை வரைக்கும் போயிருக்காங்க. இன்னா விஷயம்?"

"பாப்பா பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டா சார். நர்சிங்குக்குப் போடணும். சாதிச் சான்று கேட்டு இ-சேவையில எழுதிப் போட்டோம், திருப்பிட்டாங்க. அவ அப்பா பக்கம் யாரும் இல்ல, அம்மா சான்று வையின்றாங்க. எனக்கே இல்ல, நான் எங்க போறது? அடுத்த மாசம் பதினஞ்சுக்குள்ள குடுக்கலன்னா சீட்டு போயிரும்னு சொல்றாங்க."

"உங்களுக்கு ஏன் வாங்கல?"

அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்புகளில் நைந்து துணியாகிவிட்ட காகிதம். "நான் நர்சிங்குக்குப் போறப்ப எங்க நைனா எழுதிக் குடுத்தது சார். அப்பவும் திருப்பிட்டாங்க." தந்தையை அவர் நைனா என்றுதான் அழைப்பார்.

விண்ணப்பத்தின் ஓரத்தில் நீல மசியில் நான்கு வரிகள். மனுதாரர் மதம் மாறியவராகத் தெரிவதால், இனம் குறித்த கூடுதல் ஆதாரங்களுடன் மீண்டும் விண்ணப்பிக்குமாறு திருப்பப்படுகிறது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. நீண்ட வால்கள். கீழே சுருக்கொப்பம். என்னுடையது.

"வச்சுட்டுப் போம்மா. பார்க்கிறேன்" என்றேன். 'பார்க்கிறேன்' என்று ஓர் அரசு ஊழியர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது மலைக்கும் தெரியும். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நடந்தது எனக்கு மறக்கவில்லை. எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அப்போது நான் அடிவாரத்து அலுவலகம் ஒன்றில் துணை வட்டாட்சியர். சான்று விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் மேலே போகும். அந்த வாரம் என்மேல் ஒரு மொட்டை மனு வந்திருந்தது: கிறிஸ்தவ அதிகாரி தன் மதத்தாருக்குச் சான்றுகளை வாரி வழங்குகிறார் என்று. அதில் ஓர் எழுத்துகூட உண்மை இல்லை. ஆனால் மேலதிகாரி அதை என் எதிரிலேயே இரண்டு முறை படித்தார். மறுநாள் முதல் ஆளாக இந்தப் பெண்ணின் தந்தையான மலைக்காரர் வந்து நின்றார். ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தன. மகளின் பெயர் மட்டும் வேதாகமப் பெயர். பழங்குடியினர் எந்த மதத்தைப் பின்பற்றினாலும் பழங்குடியினரே என்ற விதி எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். தெரிந்தே பேனாவை எடுத்தேன்.

அவர் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "சார், நீங்களும் கோயிலுக்குப் போறவருதான?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நம்பிக்கையோடு கேட்டார். ஆனால் மலையில் பேசுகிற குரலில் கேட்டார். பத்து மேசைகளும் திரும்பிப் பார்த்தன.

"அடுத்த ஆள்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை வந்ததாக நினைவு. கூடுதல் ஆதாரம் என்றால் என்ன என்று கேட்டார். அப்படி ஒன்று இருந்தால்தானே நான் சொல்ல?

அந்த ஞாயிறு போதகர் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசினார். யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல. அன்றைய பாடம் அது. நான் என் ஐந்து படிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எதையாவது விடுகிறாரா என்று கேட்டேன். அவர் படிகள் எதையும் சொல்லவில்லை.

"காட்டுல வழி தப்பிட்டீங்க. தப்பிட்டோம்னு தெரிஞ்சிபோச்சு. ஐயோன்னு அழுவுறீங்க. அழுதுகிட்டே அதே பக்கம் நடந்தா வூடு வந்துருமா?" என்று கேட்டார். முன்வரிசையில் ஒருவர், "வராது" என்றார். "அழுவுறது பெரிசில்ல. நின்னு, இந்தாண்ட திரும்பி, ஒரு அடி வைக்கணும். அதான். ஆனா ஒண்ணு. நீங்க திரும்பி நடந்ததால வூடு முளைக்கல. வூடு முன்னமே அங்க கீது. வெளக்கும் எரியுது. கட்டினவரு வேற. நீங்க நடக்குறது கூலி இல்ல, போய்ச் சேர்றது."

இரட்சிப்பு இலவசம் என்பதும், மனந்திரும்புதல் அதற்கான கட்டணம் அல்ல என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். அதுவும் பாடத்தில் வந்தது. ஆனால் கட்டணம் இல்லாத விண்ணப்பம் என்றாலே எனக்குச் சந்தேகம். எங்கேயாவது ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கினேன். விஷயத்தை ஓசையில்லாமல் சரிசெய்துவிடலாம் என்பது திட்டம். அந்தப் பெண்ணின் பெரியப்பா படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், தாத்தா பெயரில் உள்ள பழைய நில ஆவணம் என்று ஒரு பட்டியல் தயாரித்தேன். இவற்றை வைத்தால் சான்று கிடைக்க வழி உண்டு. யார் எழுதிய குறிப்பு என்ற பேச்சே எழாது. ஐந்தாவது படி முடிந்துவிட்டால், நடுவில் உள்ள அறிக்கையிடுதலை யார் கேட்கப்போகிறார்கள்?

மனைவி பட்டியலைப் படித்தாள். பக்கத்தில் கிடந்த பழைய விண்ணப்பத்தையும் படித்தாள். நாற்பது வருடமாக என் கையெழுத்தில் கடைப் பட்டியல் படித்தவள்.

"இது உங்க எழுத்தாச்சே."

"ஆமா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வேலைய முடிச்சுக் குடுத்துட்டா நல்லவர்னு பேர் வாங்கலாம். அப்பிடித்தானுங்களா?"

நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று மாலையே கடிதம் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் எழுதினேன். அனுப்புநர்: என் பெயர், வட்டாட்சியர் (ஓய்வு). பெறுநர்: அந்தப் பெண்ணின் பெயர், தந்தை பெயர், ஊர். பொருள்: மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் தந்தையாரின் விண்ணப்பம். பார்வையில் கண்ட விண்ணப்பத்தின் மீது என்னால் எழுதப்பட்ட குறிப்பானது விதிகளுக்கு முரணானது என்பது எழுதப்பட்ட காலத்திலேயே அறியப்பட்டிருந்தது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

படித்துப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. எல்லாம் 'பட்டது', 'பட்டிருந்தது' என்று இருந்ததில், அதைச் செய்த ஆள் எங்கோ தொலைவில் நின்றுகொண்டிருந்தான்.

மனைவியும் படித்தாள். "கீழ 'நகல்'னு போட்டு ஆண்டவருக்கு ஒண்ணு அனுப்பலியா?"

மறுநாள் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. தபால் கீழே போய், சுற்றி, மறுபடி மேலே வர ஒரு வாரம் ஆகும். பதினைந்தாம் தேதிக்குள் சான்று வேண்டும் என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் தபாலைத்தான் தேர்ந்தெடுத்தேன். தபாலுக்கு முகம் கிடையாது என்ற வசதி.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, கடிதம் என்னிடமே திரும்பி வந்தது. உறையின் மேல் 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருந்தது.

"இன்னாப்பா இது?" என்று தபால்காரரைக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு வூட்ல இல்ல சார். பெருசுதான் இருந்தாரு. கையெழுத்து கேக்குற கவருன்னா தொடவே மாட்டேன்னுட்டாரு. வட்டாட்சியர்னு எழுதிருக்குன்னு பக்கத்து வூட்டுப் புள்ள படிச்சிச்சா, முடிஞ்சிது. தொட்டா நிலம் போவும்ன்றாரு. என்னையே வேலிக்கு அந்தாண்ட நிக்கச் சொல்ட்டாரு."

அந்தப் பக்கத்து ஊர்களில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் காலத்திலோ வந்த நோட்டீசுகளுக்குப் பயந்து, கையெழுத்துக் கேட்கும் உறை எதையும் அவர்கள் வாங்குவதில்லை. வாங்காத காகிதம் வராத காகிதம். அந்தப் பயத்தை உண்டாக்கியதில் என் துறைக்கும் பங்கு உண்டு. அதையே உறையில் போட்டு மன்னிப்பு என்று அனுப்பியிருக்கிறேன்.

"பன்னெண்டு நாள் போச்சு" என்றாள் மனைவி.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நானும் வரட்டுங்களா?"

"வேணாம்."

"தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போவாதீங்க" என்றாள்.

இரண்டு ஓடைகள் தாண்டி, சாமை விதைக்கக் காத்திருந்த காய்ந்த கொல்லைகள் வழியாக ஏறி இறங்கினேன். போய்ச் சேர்ந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் திட்டமிட்டது அதுதான் என்று பிறகு புரிந்தது.

அவர்கள் வீட்டு முன்னால் பலா மரத்தடியில் புளி குவித்திருந்தது. அந்தப் பெண்ணும் தந்தையும் ஓடு நீக்கிய புளியைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீடுகளிலும் அதே வேலை. மகள் உள்ளே அடுப்படியில் இருந்தாள். கிழவரை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. நெற்றி மட்டும் பெரிதாகியிருந்தது.

"வாங்க சார்" என்று அந்தப் பெண் எழுந்தார்.

வழியெல்லாம் பேச்சைத் தயாரித்து வந்திருந்தேன். அது இப்படித் தொடங்கும்: 'அந்தக் காலச் சூழ்நிலையில்...' தொடங்கினேன். கிழவர் காதருகே கையை வைத்து, "இன்னா?" என்றார்.

"நைனாவுக்குக் காது மந்தம் சார். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சூழ்நிலையைச் சத்தமாகச் சொல்ல முடியாது என்பதை அப்போது கண்டுகொண்டேன். உரத்துச் சொல்வதற்குச் சின்ன வாக்கியங்கள்தான் தாங்கும்.

"உங்க பொண்ணுக்குச் சான்று கேட்டு வந்தீங்களே. திருப்பி அனுப்பினது நான்தான். தப்புன்னு தெரிஞ்சேதான் அனுப்பினேன். என் பேர் கெட்டுடும்னு பயந்து அனுப்பினேன்."

பக்கத்து வீட்டில் கட்டைச் சத்தம் நின்றது. அதற்கடுத்த வீட்டிலும் நின்றது. பத்து மேசைகளுக்குச் சமம்.

கிழவர் என்னைப் பார்த்தார். "அது தெரியுமே. இதச் சொல்லவா வெயில்ல வந்தீங்க?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"கோயில் கதவுல நோட்டீஸ் ஒட்டுறீங்களே சார். அந்த நீட்டு வாலு. அந்தக் காயிதத்த நான் எத்தினி வாட்டி எடுத்துப் பாத்திருக்கேன். நீங்க மொத நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. மூணு வருசம் ஆவுது. அதுக்கப்புறம் மூணு வாரம் கோயிலுக்கே வர்ல நானு. ஞாபகம் இருக்குங்களா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. பதிவேட்டில் மூன்று வாரமும் சிவப்பு மையில் சுழித்து, தொடர்ந்து வராததற்குக் காரணம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டும் அனுப்பியிருந்தேன். அதையும் சாய்ந்த எழுத்தில்தான்.

"உக்காருங்க" என்றார் கிழவர். ஒரு கல்லையும் கட்டையையும் என் பக்கம் தள்ளினார்.

தண்ணீர் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "மொதல்ல உக்காருங்க" என்றார் மறுபடியும். உட்கார்ந்தேன். புளி தட்டுவதற்கு விதிமுறை ஏதும் இல்லை. கட்டையை எவ்வளவு பலமாகப் போட வேண்டும் என்று கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் பத்துப் புளியில் கொட்டையையும் சேர்த்து நசுக்கினேன்.

"கவர்மெண்டு கை" என்றார் கிழவர். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

அந்தப் பெண் தலை நிமிராமல் பேசினார். "மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன் சார். ஒரு வருசம் அழுதேன். கூடப் படிச்சவ ஒருத்தி வெள்ளை டிரஸ்ல ஊருக்கு வந்தப்ப வூட்டுக்குள்ளயே இருந்துட்டேன். அப்புறம் கல்யாணம், பாப்பா, வேலைன்னு போச்சு. நோட்டீஸப் பாத்ததும் எல்லாம் திரும்பி வந்துச்சு. போதகரு கிட்ட போய்ச் சொன்னேன். குடுக்க வேண்டிய தண்ணிய எடுத்து வைய்யி, எப்ப வந்து கேக்குறாரோ அப்ப குடுன்னாரு. நானும் எடுத்து வச்சிட்டேன். வாரா வாரம் நீங்க கிட்டத்துலயே உக்காந்து நோட்டு எழுதினீங்க. கேக்காதவருக்கு எப்பிடி ஊத்துறது?"

"அப்போ பழைய காயிதத்த என்கிட்ட கொண்டாந்தது?"

"பாப்பாவுக்கு வேணும்தான் சார். அது நெசம். நீங்க பாக்கணும்னும் இருந்துச்சு."

நான் கட்டையைக் கீழே வைத்தேன். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன். குரல் சத்தமாக வரவில்லை. ஆனாலும் காது மந்தமான அந்தக் கிழவர்தான் முதலில் திரும்பி, "பாப்பா, சொம்பு எட்தா" என்றார்.

மகள் கொண்டு வந்து தாயிடம் கொடுத்தாள். தாய் என்னிடம் கொடுத்தார். பானைத் தண்ணீர். ஒரே மூச்சில் குடித்தேன். அது முடிந்ததும் விவகாரம் முடிந்தது என்பது வழக்கம். எனக்குத்தான் முடிக்கத் தெரியவில்லை.

"சான்று கைக்கு வர்ற வரைக்கும் நான் திருவிருந்து வாங்க மாட்டேன். அதுவரைக்கும் இது நிலுவைதான்."

அந்தப் பெண் முதல் தடவையாக எரிச்சலாகப் பார்த்தார். "சான்று வர்லன்னா? குடிச்ச தண்ணியத் திருப்பிக் குடுப்பீங்களா?"

காலிச் சொம்பைப் பார்த்தேன். போதகர் சொன்ன வீடு அந்தச் சொம்பில் இருந்தது என்று இப்போது எழுதலாம். அப்போது எனக்குத் தோன்றியது வேறு: அவர் கொடுத்ததை நான் ஒரு தற்காலிக ஆணையாக்கப் பார்க்கிறேன் என்பது. செய்ய வேண்டியதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதைச் செய்து முடித்துத்தான் தண்ணீரை வாங்க வேண்டும் என்றால், இருபத்தைந்து வருடத் தாகத்தோடு நான் வாசலிலேயே நின்றிருப்பேன்.

மகளிடம் நோட்டிலிருந்து ஒரு தாள் கேட்டு வாங்கி, அங்கேயே மடியில் வைத்து எழுதினேன். இன்ன விண்ணப்பத்தில் நான் எழுதிய குறிப்பு தவறு. விதி எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். ஆவணங்கள் அன்றைக்கே முழுமையாக இருந்தன. 'பட்டது' என்ற சொல் ஓரிடத்திலும் வராமல் பார்த்துக்கொண்டேன். நேர்மைக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: இப்படி எழுதிக் கொடுத்தால் ஓய்வூதியத்தில் கை வைக்க முடியுமா என்று முந்தின இரவே விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். இவ்வளவு பழைய சங்கதிக்கு முடியாது. என் மனந்திரும்புதல் விதிகளுக்கு உட்பட்டே நடந்தது.

மறுநாள் ஞாயிறு திருவிருந்துக்குப் போனேன். முழங்காலிட்டு அப்பத்துக்குக் கை நீட்டியபோது விரல்களும் நகங்களும் புளிக்கறையில் கறுத்திருந்தன. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. போதகர் அந்தக் கையைப் பார்த்தார். பெண்கள் பக்கம் முதல் பாயையும் ஒரு கணம் பார்த்தார். பிறகு அப்பத்தை வைத்தார். அன்று பதிவேட்டில் வருகை குறிக்க மறந்துவிட்டேன்.

திங்கள் காலை முதல் ஜீப்பில் அந்தப் பெண்ணோடும் மகளோடும் கீழே இறங்கினேன். அலுவலகத்தில் இப்போது இருப்பவர் இளம் பெண் அதிகாரி. என் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார்.

"சார், இப்படி யாரும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. இதை எந்தத் தலைப்புல கோப்பில் சேர்க்கிறது?"

எனக்குத் தெரியும். சொன்னேன். முப்பது வருடம் கற்றதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் பயன்பட்டது. எந்தக் காகிதம் எந்தக் காகிதத்துக்குப் பின்னால் வர வேண்டும், கள விசாரணைக்கு யாரை எப்போது அழைக்க வேண்டும், இணையத்தில் எந்தப் பெட்டியில் எதை ஏற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். கள விசாரணைக்கு ஆள் வந்தபோது கிழவர் வேலிக்கு அந்தாண்ட நிற்கச் சொல்லாமல் உள்ளே கூப்பிட்டார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், கட்டையும் கையுமாக.

கடைசி நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது சான்று வந்தது. முதலில் தாய்க்கு, அதே மாலை மகளுக்கு. மகள் இப்போது அடிவாரத்து ஊரில் நர்சிங் படிக்கிறாள். தாய் இன்னமும் பள்ளியில் சமைக்கிறார். அவருக்கு அந்தச் சான்று இனி எதற்கும் உதவாது. இருந்தும் அதைப் பழைய விண்ணப்பத்தோடு சேர்த்து அதே பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். திரும்பி வந்த என் பதிவுத் தபாலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்னும் பிரிக்கவில்லை என்று கேள்வி.

அச்செடுத்த சான்றுகளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்தே காணமே. இது செல்லுமா?"

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே கையெழுத்து வந்துரும் பெரியவரே. இந்தச் சின்னக் கட்டம் கீதே, இதான்."

"கட்டத்த வச்சி நான் இன்னா பண்றது? அன்னிக்கு நீங்க எழுதித் திருப்பினப்ப கையெழுத்து இருந்துச்சு. இப்ப குடுக்கறப்ப இல்லன்றீங்க. போடுங்க ஒண்ணு."

விளக்கிப் பார்த்தேன். ஓய்வு பெற்றவருக்கு அதிகாரம் இல்லை. மின்னணுச் சான்றில் கையால் எழுதவே கூடாது. அப்படி எழுதினால் அது செல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. அவர் காதருகே கையை வைத்துக்கொண்டு, "இன்னா?" என்றார். எனக்கென்னவோ அன்று அவருக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது என்று சந்தேகம்.

கடைசியில் அவர் மகளின் சான்றை நகல் எடுத்து வந்து, அந்த நகலின் ஓரத்தில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், வாலை நன்றாக இழுத்து, 'சரி' என்று எழுதிக் கீழே முழுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அதிகாரம் இல்லாத ஒருவர் அரசுச் சான்றின் நகலில் ஒப்பமிடுவது முறைகேடு. எந்தப் பிரிவின் கீழ் வரும் என்றும் எனக்குத் தெரியும். அதற்காக மட்டும் நான் இதுவரை மனந்திரும்பவில்லை.